செம்பூரில் கோல்ப் போட்டி: பை சுமந்தவனின் பின்னால் ஒரு நாள்

செம்பூர் ரெயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "கோல்ப் கிளப்" என்று சொன்னால் போதும். மறுபேச்சு இல்லாமல் மீட்டரைப் போடுவார். கோவில், மார்க்கெட், சினிமா தியேட்டர் மாதிரி அதுவும் செம்பூரில் ஓர் அடையாளம். ஆனால் அந்த வாயிலில் இறங்கி உள்ளே போய் வந்த நம்மவர்கள் எத்தனை பேர்? பஸ்சில் போகும்போது சுவருக்கு மேலே தெரியும் மரத்தலைகளைப் பார்த்திருப்போம். மாகுல் பக்கத்து ஆலைகளின் நெடி மூக்கில் ஏறும்போது, "இங்கே இவ்வளவு பச்சையா!" என்று ஆச்சரியப்பட்டிருப்போம். அத்தோடு சரி.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஹார்பர் லைனில் பல ஆண்டுகளாகப் போய் வருகிறவன். கிரிக்கெட் என்றால் வான்கடே மைதானத்தில் வெயிலில் காய்ந்திருக்கிறேன். மாதுங்காவில் கபடிப் போட்டிக்கு இரவு இரண்டு மணி வரை நின்றிருக்கிறேன். கோல்ப் மட்டும் "நமக்கு ஏன்?" என்ற கணக்கில் கிடந்தது. அதை மாற்றியவர் ஓர் இட்லிக்கார அண்ணாச்சி.

செம்பூர் நிலையத்துக்கு வெளியே காலையில் சைக்கிளில் இட்லி விற்பவர் அவர். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். சிறு வயதில் ஜனதா காலனியில் இருந்தார். அணுசக்தி ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பை 1976-ம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், அப்புறப்படுத்தி எல்லோரையும் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள் அல்லவா? தகரத்தையும் பானையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சி ஆறு வயதுப் பையன். பன்னிரண்டாவது வயதில் கோல்ப் மைதானத்துக்கு வேலைக்குப் போனார். முழங்கால் மக்கர் செய்யும்வரை இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அங்கே பை சுமந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை லீவு போடுங்க. பெரிய மேட்ச் நடக்கு. எங்க அக்கா மவன் பேக் தூக்குதான். வந்து பாருங்க" என்றார், சட்னியை ஊற்றிக்கொண்டே.

"உள்ளே விடுவார்களா அண்ணாச்சி? டிக்கெட் எவ்வளவு?"

"டிக்கெட்டா? சும்மாதான் தம்பி. யாரு வாரா, காசு வாங்கதுக்கு?"

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம் நாட்டில் நடக்கும் பல கோல்ப் போட்டிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேடி வேலை

பாம்பே பிரசிடென்சி கோல்ப் கிளப் 1927-ம் ஆண்டு தொடங்கியது. 18 குழி மைதானம். இந்தியத் தொழில்முறை வீரர்களுக்கென்று 2006-ம் ஆண்டு ஏற்பட்ட அமைப்பு ஊர் ஊராக நடத்தும் போட்டிகளில் சில இங்கேயும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் மூன்று, பிரிட்டனில் ஒன்று என்று உலகில் நான்கு கோல்ப் போட்டிகளுக்குத்தான் "மேஜர்" என்ற பட்டம். நம் வீரர்களில் பலருக்கோ இந்த ஊர்ப் போட்டிகள்தான் மேஜர். இதில் கிடைப்பதில்தான் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம்.

மார்கழி மாதம். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்கே மாதுங்காவில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி அன்று கடை போடவில்லை. வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு தூக்குச் சட்டி. வாயிலில் காவலாளி "கிஸ்கே சாத்?" என்றார். அண்ணாச்சி "மேட்ச் தேக்னே" என்றார். என் ரெயில்வே அடையாள அட்டையைப் பார்த்து, நோட்டில் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது பறவைச் சத்தம். ஆட்டோ ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்டது. புல்லில் பனி. கொக்குகள் நடை பயின்றுகொண்டிருந்தன. எட்டுக்கு எட்டு அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்து வருகிறவனுக்கு அந்தப் பரப்பைப் பார்த்ததும் சந்தோஷமும் வந்தது, இன்னொன்றும் வந்தது. அதைப் பெயர் சொல்லி எழுதத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் மருமகன் வந்தான். இருபத்திரண்டு வயது. தோளில் அவனைவிடக் கனமான மாதிரி ஒரு பை. "மாமா, டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். பையைத் தூக்கிப் பார்க்க எனக்கு ஆசை. அதற்கு நேரமில்லை. எப்படியும் 12, 15 கிலோ இருக்கும் என்றார் அண்ணாச்சி. ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதோடு பந்து, குடை, தண்ணீர், துண்டு, மழைச் சட்டை.

இந்தப் பை சுமப்பவருக்குக் கோல்ப் உலகில் பெயர் "கேடி". நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் படம் ஒட்டியிருக்கும் ஆசாமி!

"ஊருக்குக் கடுதாசி எழுத முடியுமா தம்பி, 'உங்க பேரன் பம்பாயில கேடியா இருக்கான்'னு? எங்க அம்மா 'கம்பெனி வேலை'ன்னுதான் எழுதச் சொல்லுவா" என்று சிரித்தார் அண்ணாச்சி.

அவர் முதலில் கேடி கூட இல்லை. "ஆகேவாலா". அதாவது, முன்னால் போய் நின்று, அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லும் பையன். கண் நன்றாகத் தெரிய வேண்டும். மண்டையில் பந்து படாமல் நிற்கவும் தெரிய வேண்டும். இந்தியாவின் பழைய மைதானங்களில் இந்த வேலைக்குப் பெயரே அதுதான்.

எப்படிப் பார்ப்பது?

கோல்ப் பார்ப்பதில் இரண்டு வழி உண்டு. ஒரு குழியின் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டால் எல்லா ஆட்டக்காரர்களும் வரிசையாக வந்து போவார்கள். இது முதல் வழி. ஒரே கோஷ்டியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் கூடவே நடப்பது இரண்டாவது வழி. மூன்று மூன்று பேராக, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு கோஷ்டி கிளம்பும். நாங்கள் மருமகனின் பின்னால் நடந்தோம். ஆறேழு கிலோ மீட்டர். அண்ணாச்சி முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. குழி நாலேகால் அங்குல விட்டம். 1891-ம் ஆண்டு முதல் இந்த அளவுதான் விதி. பந்து ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு. ஒரு நடுத்தரக் குழி 400 கஜம் என்று வையுங்கள். நம் 12 பெட்டி லோக்கல் வண்டிகளில் ஒன்றரை வண்டி நீளம். அந்தக் கடைசியில் இருக்கும் ஒரு டம்ளருக்குள் நாலு அடியில் பந்தைப் போட வேண்டும். நாலில் போட்டால் "பார்". மூன்றில் போட்டால் "பேர்டி". இரண்டில் போட்டால் "ஈகிள்", அபூர்வம். ஐந்து ஆகிவிட்டால் "போகி". எங்கள் இலாகாவில் போகி என்றால் ரெயில் பெட்டி. ஊரிலே போகி என்றால் பழைய பாயைக் கொளுத்துவது. இங்கே போகி வந்தால் ஆட்டக்காரரின் முகம் கொளுத்திய பாய் மாதிரி ஆகிவிடுகிறது.

அடிக்கும்போது பேசக்கூடாது. நடக்கக்கூடாது. தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு தொண்டர் இரண்டு கையையும் தூக்குவார். அத்தனை பேரும் கற்சிலை. ரஜினி படத்துக்கு முதல் காட்சியில் விசில் அடித்துப் பழகிய எனக்கு இது பெரிய தண்டனை. ஆனால் ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. மட்டை பந்தில் படும் "டக்" என்ற ஓசை, பிறகு ஒன்றுமில்லாத நாலு விநாடி, அப்புறம் தூரத்தில் புல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த நாலு விநாடிக்காகத்தான் இவர்கள் காலை ஆறு மணிக்கு வருகிறார்கள் என்று தோன்றியது.

பார்க்க வந்தவர்கள் எங்கள் கோஷ்டிக்குப் பின்னால் எண்ணிப் பத்துப் பேர் இல்லை.

கேட்கலாம், ஒருவனிடம் மட்டும்

மருமகனின் ஆட்டக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வடக்கே ஒரு ராணுவ ஊரின் மைதானத்தில் சிறு வயதில் பை சுமந்து, கிடைத்த உடைந்த மட்டையால் அடித்துப் பழகி மேலே வந்தவர். மூன்றாவது குழியில் அவர் மருமகனைப் பார்த்து ஏதோ கேட்டார். பையன் குனிந்து புல்லைப் பார்த்தான், நிமிர்ந்து தெற்கே பார்த்தான், ஏதோ சொன்னான். அவர் தலையசைத்து மட்டையை மாற்றினார்.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் ஒரு பெருமை.

பெருமைக்குக் காரணம் உண்டு. தனித்தனியாக ஆடும் போட்டியில், ஆட்டக்காரர் எப்படி அடிப்பது என்று யோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய கேடிதான். கூட ஆடுபவரிடம் கேட்டால் இரண்டு அடி அபராதம். பயிற்சியாளர் கயிற்றுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கோடீசுவரராக இருந்தாலும், உலக சாம்பியனாக இருந்தாலும், பை சுமப்பவனிடம்தான் கேட்டாக வேண்டும்.

"தெற்கே என்ன பார்த்தான் அண்ணாச்சி?"

"புகை. அந்தா, ஆலை சிம்னி தெரியுதுல்லா? கொடி மரத்துக்கு நடுவுல நிக்கும். அங்கன காத்து சுத்தும். கொடி பொய் சொல்லும் தம்பி, புகை பொய் சொல்லாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிற அந்தப் புகையை இருபத்தைந்து ஆண்டு காற்று பார்க்கும் கருவியாக வைத்துப் பிழைத்திருக்கிறார் மனிதர்!

ஒன்பதாவது குழியில் முன்னால் போன கோஷ்டி பந்தைத் தேடிக்கொண்டிருந்தது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் அனுமதி. 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி தூக்குச் சட்டியைத் திறந்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அங்கேதான் அவர் வாயிலிருந்து பெயர் பெயராகக் கொட்டியது.

இந்தியன் ஓப்பன் போட்டி 1964-ம் ஆண்டு தொடங்கியது. அடுத்த ஆண்டே பி. ஜி. சேத்தி என்ற இந்தியர் வென்றார். அவர் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். 1991-ல் டெல்லி மைதானத்தில் அலி ஷேர் அதை வென்றார். டெல்லி மைதானத்தில் பை சுமந்து வளர்ந்தவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். 1998-ல் கொல்கத்தாவில் பெரோஸ் அலி. அவரும் பை சுமந்தவர். 2009-ல் குர்கானில் முனியப்பா. பெங்களூர் மைதானத்துக் கேடி. கொல்கத்தாவில் இருக்கும் ராயல் கல்கத்தா கிளப் 1829-ல் ஏற்பட்டது. பிரிட்டனுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ப் கிளப் கிடையாது. அங்கே புல்தரையைப் பராமரித்தவரின் மகன் சவுராசியா, 2008-ல் ஐரோப்பிய வீரர்களும் கலந்துகொண்ட இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் பரிசு பெற்றார். பிறகு 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியன் ஓப்பன். மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்ற ராணுவ ஊரைச் சேர்ந்த முகேஷ் குமார், ஆசியப் போட்டி வரிசையில் தன் முதல் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 51. ஆண்டு 2016. சாதாரணமாக நமக்கு அந்த வயதில் ஓய்வூதியக் கணக்கு ஞாபகம் வரும்.

"நம்ம ஆளுங்க யாரும் இல்லையா அண்ணாச்சி?"

"ஏன் இல்ல? சிலோன்லேருந்து தங்கராஜா வாரார், பிரபாகரன் வாரார்."

உண்மைதான். இலங்கையின் என். தங்கராஜாவும் கே. பிரபாகரனும் நம் நாட்டுப் போட்டிகளில் பல ஆண்டுகளாக ஆடி வந்தவர்கள். தங்கராஜா இங்கே பட்டமும் வென்றிருக்கிறார். ஆங்கிலப் பலகையில் அந்தப் பெயரைப் படித்தால் தமிழ்க் காதுக்கு ஒரு குளிர்ச்சி.

காற்று நின்றது

இப்போது அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். போட்டி நாலு நாள். வியாழன் தொடங்கி ஞாயிறு முடிய. ஏறக்குறைய 120 பேர் தொடங்குவார்கள். இரண்டாவது நாள், அதாவது வெள்ளிக்கிழமை முடிவில், ஒரு கோடு போடுவார்கள். "கட்" என்று பெயர். வழக்கமாக முதல் ஐம்பது இடத்தில் நிற்பவர்களும், ஐம்பதாவது ஆளுக்குச் சமமாக நிற்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடலாம். கோட்டுக்கு வெளியே விழுந்தவர்களுக்குப் பரிசு ஒரு ரூபாயும் கிடையாது. ரெயில் செலவு, தங்கும் செலவு, போட்டிக்குக் கட்டிய பணம் எல்லாம் கைநஷ்டம். கேடிக்கு அந்த வாரக் கூலி உண்டு. ஆனால் பரிசில் ஒரு பங்கு என்று பேசியிருப்பார்களே, அது போய்விடும்.

மருமகனுக்கு அந்தப் பங்கு வேண்டும். தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள்.

பதினேழு குழி முடிந்தபோது எங்கள் ஆட்டக்காரர், இரண்டு நாளும் சேர்த்து, பாருக்கு மேல் மூன்று. பலகையில் கோடும் மூன்றில்தான் நின்றது. கடைசிக் குழியை நாலில் முடித்தால் உள்ளே. ஐந்தானால் வெளியே.

முதல் அடி அருமையாக விழுந்தது. கொடி 160 கஜம் இருக்கும். அவர் எட்டாம் எண் மட்டையைத் தொட்டார். பையன் தெற்கே பார்த்தான். நானும் பார்த்தேன். புகை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்க்காற்று. ஒரு சிட்டிகைப் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டான். அதுவும் முகத்துக்கே வந்தது. ஏழாம் எண் என்று விரலைக் காட்டினான். எண் குறைந்தால் பந்து தூரம் போகும். அவர் ஒரு விநாடி யோசித்தார். ஏழை எடுத்தார்.

தொண்டரின் கை உயர்ந்தது. எல்லோரும் சிலை.

அவர் மட்டையைப் பின்னால் கொண்டுபோன அந்த நேரத்தில் என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று இல்லை. கொடித்துணி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. "டக்". பந்து கொடிக்கு நேராகத்தான் போனது. கொடியைத் தாண்டி விழுந்து, உருண்டு, பின்பக்கத்துப் புதரோரம் போய் நின்றது.

பக்கத்தில் அண்ணாச்சி மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அங்கிருந்து மெல்ல எடுத்துப் போட்டார். குழிக்கு ஆறடி தூரத்தில் நின்றது. அந்த ஆறடியை அவர் மூன்று பக்கத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தார். தட்டினார். பந்து குழியின் விளிம்பில் அரைச் சுற்றுச் சுற்றி வெளியே வந்தது. ஐந்து.

பையன் கொடியைக் குழியில் திருப்பிச் செருகினான். அவன் கை நடுங்கியதோ என்னவோ, இரண்டாவது தடவைதான் சரியாக நின்றது.

ஆட்டக்காரர் கணக்குக் கூடாரத்துக்குள் போனார். அங்கே ஒரு மேஜை, இரண்டு அதிகாரிகள். கோல்பில் ஒவ்வொருவரின் கணக்கையும் கூட ஆடுபவர் எழுதுவார். ஆடியவர் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தாவான எனக்கு அந்த மேஜையைப் பார்த்ததும் நம் ஆபீசைப் பார்த்த மாதிரி இருந்தது. அண்ணாச்சியின் கவனத்தைத் திருப்ப, எப்போதோ படித்த கதை ஒன்றைச் சொன்னேன்.

1968-ம் ஆண்டு அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ. கடைசி நாள் அவருக்குப் பிறந்தநாள். 45 வயது முடிகிறது. பதினேழாவது குழியை மூன்றில் முடித்தார். லட்சக்கணக்கான பேர் டெலிவிஷனில் பார்த்தார்கள். ஆனால் கூட ஆடியவர் கணக்குத் தாளில் நாலு என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். விதி என்ன சொல்கிறது? உண்மையைவிடக் குறைத்து எழுதியிருந்தால் ஆளே தகுதியிழப்பு. கூட்டி எழுதியிருந்தால் எழுதியதுதான் கணக்கு. சமமாக நின்று மறுநாள் மறுபடியும் ஆடியிருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றார். பாப் கோல்பி சாம்பியன். சம்பளப் பட்டியலில் எண் மாறினால் நமக்கு சப்ளிமென்டரி பில் உண்டு. கோல்பில் அது கிடையாது.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். "ஒரு நம்பரு" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

சுவருக்கு வெளியே

கதை அத்தோடு முடியவில்லை. பாதிப் பேர் பிற்பகலில்தான் ஆடுவார்கள். அவர்கள் மோசமாக ஆடினால் கோடு மூன்றிலிருந்து நாலுக்கு இறங்கும். நம் ஆள் உள்ளே வந்துவிடுவார். அதற்குக் காற்று வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மும்பையில் கடற்காற்று வருவது வழக்கம்தானே?

வெளியே ஒரு டீக்கடையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். பையன் வடா பாவைப் பிட்டுப் பிட்டு வைத்தானே தவிர வாயில் போடவில்லை. வெளிநாட்டில் எப்படி என்று அண்ணாச்சி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். டி விசென்சோ கோட்டை விட்ட அந்த அகஸ்டா மைதானத்தில் பார்வையாளர்களுக்கு நுழைவுச் சீட்டு குலுக்கல் முறையில் கிடைக்கிறது. உள்ளே ஓடக்கூடாது, செல்போன் கொண்டுபோகக்கூடாது. அங்கே 1982 வரை கிளப்பின் கறுப்பினக் கேடிகள்தான் எல்லா வீரர்களுக்கும் பை சுமந்தார்கள். ஆனால் கறுப்பின வீரர் ஒருவர், லீ எல்டர், அந்தப் போட்டியில் ஆட முடிந்தது 1975-ல்தான். 1983 முதல் வீரர்கள் தங்கள் சொந்தக் கேடியைக் கூட்டி வரலாம் என்று விதி மாறியது. ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானத்தில் சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமை கோல்ப் கிடையாது. ஊர் ஜனங்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் நடந்து போவார்கள்.

"அங்க சுவர் கிடையாதா சார்?" என்றான் பையன். அன்று அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இல்லை என்றேன்.

மூன்று மணி. நாலு மணி. அண்ணாச்சி சிம்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை கோவில் ஊதுவத்திப் புகை மாதிரி நேராக மேலே போனது. அன்றைக்கென்று கடற்காற்று வரவில்லை. ஐந்தரைக்குப் பையன் உள்ளே போய்ப் பலகையைப் பார்த்து வந்தான். கோடு மூன்றிலேயே நின்றுவிட்டது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் ஸ்டேஷன் வரை நடந்தே போனோம். பையன் கொஞ்சம் முன்னால் போனதும் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "அவன் தப்பு இல்ல தம்பி. நான் சொல்லிக் கொடுத்ததத்தான் அவன் சொன்னான்."

புதன்கிழமை காலை, இட்லித் தட்டோடு ஒரு தாளையும் நீட்டினார் அண்ணாச்சி. அடுத்த போட்டி கொல்கத்தாவில். ஹவுரா மெயிலில் டிக்கெட் போட வேண்டுமாம். ரெயில்வேயில் வேலை பார்ப்பவன் என்றால் டிக்கெட் கையிலேயே முளைக்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் எப்போதும் சொல்லும் பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். தாளைப் பார்த்ததும் சொல்லவில்லை. அதில் இரண்டு பெயர். ஒன்று மருமகனுடையது. இன்னொன்று வடநாட்டுப் பெயர், வயது 35.

"அவரே போன் பண்ணுனாரு தம்பி, ராத்திரி" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பேரும் ஒண்ணா போறாங்க. சிலீப்பர் போதும்னு சொல்லிட்டாரு."

முன்பதிவுப் படிவத்தை அங்கேயே சைக்கிள் கேரியரில் வைத்து எழுதினேன். எந்த பெர்த் வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவரைப் பார்த்தேன்.

"ஒண்ணாவது கீழ கேளுங்க" என்றார். "பேக்கு மேல ஏறாது."